வடம் தாண்டி வந்த பென் டிரைவ்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆபீசிலிருந்து கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் கைவசம் இல்லை என்றேன். வேலைக் காலம் முழுக்கத் திரையில் வரும் சிவப்பு எழுத்தோடு மல்லுக்கட்டியவளிடம் வேறு என்ன கிடைக்கும்? இப்போது ஓய்வு பெற்று ராஜபாளையத்தில் நிம்மதியாக இருக்கிறேன். நிம்மதி என்றால், சண்டை போடுவதற்கு வீட்டில் ஒரு தண்ணீர் மோட்டார் மட்டும்தான் மிச்சம்.

ஆனாலும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என்னோடு வேலை பார்த்த பாண்டி. அந்தத் தேர் நாள் கதையை அவன் உங்களுக்கெல்லாம் டீக்கடையில் வைத்துச் சொல்லிவருகிறானாம். அவன் கதையில் நான் தேர் வடத்தைத் தாண்டிக் குதித்து ஓடினேனாம். அபாண்டம். என் முழங்காலைக் கேட்டால் உண்மையைச் சொல்லும். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் ரூமில். அங்கே எனக்கு மேலே ஒரு சார் இருந்தார். பெயர் வேண்டாம், தன் பெயர் எங்கே வந்தாலும் அவருக்குக் கூச்சம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். திரையில் பிழை வந்ததும் நம் கை என்ன செய்யும்? தானாகக் கீபோர்டுக்குப் போய் எதையாவது தட்டும். அவர் பின்னாலிருந்து "ஆகு" என்பார். தெலுங்கில் நில் என்று அர்த்தம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, "தமிழ்ல சொல்லும்மா" என்பார். ஆங்கிலத்தில் வந்திருக்கும் பிழையை, பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்வதுபோல, வாய்விட்டுத் தமிழில் சொல்ல வேண்டும்.

"ஃபைலைக் காணோம்னு சொல்லுது சார்."

"யாரு சொல்லுதா? எந்த ஃபைலு? எங்க போயித் தேடுனான்?"

பதில் தெரியவில்லை என்றால் நமக்குப் பிழையே புரியவில்லை என்று பொருள். புரியாமல் கீபோர்டைத் தொட விடமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். மில்லே நிற்கிறது, இவர் மொழிபெயர்ப்பு வகுப்பு நடத்துகிறார் என்று முணுமுணுப்பேன். பிறகு எனக்குக் கீழே ஆட்கள் வந்தபோது கொஞ்சமும் வெட்கமில்லாமல் நானும் அதையேதான் செய்தேன். "ஆகு" எங்கள் ஆபீஸ் வார்த்தையாக நிலைத்துவிட்டது. பாண்டி மூன்றாவது வடைக்குக் கையை நீட்டினால்கூட யாராவது "ஆகு" என்பார்கள்.

இனி தேர்.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ் தேரோடும் வீதியில் மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆடிப்பூரத் தேர் அன்று அந்த வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகும் கேபிள், இன்டர்நெட் வயர் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். தேர் நிலைக்குப் போகும்வரை நாம் இருட்டில் இருக்க வேண்டியதுதான். வருடா வருடம் அன்று ஆபீசுக்கு லீவு, யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வருடம் மட்டும் அப்படி இருக்க முடியாமல் போனது.

அப்போது நாங்கள் ஒரு பிளாக்செயின் நோடு நடத்திக்கொண்டிருந்தோம். பிளாக்செயின் என்றதும் உங்கள் மாமா யாராவது ஏமாந்த கதை நினைவுக்கு வரும். இது அது இல்லை. பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர்கள், வெளுப்பவர்கள், பரிசோதனைக் கூடங்கள், வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு வலையமைப்பு. எந்தத் துணி எந்தத் தறியில் நெய்தது, யார் சோதித்தது என்ற விவரத்தை உறுப்பினர் ஒவ்வொருவரும் தங்கள் இயந்திரத்தில் ஒரே மாதிரி வைத்திருப்பார்கள். தனியாக ஒருவர் அதை மாற்ற முடியாது. அப்படிப்பட்ட இயந்திரத்துக்குத்தான் நோடு என்று பெயர். செட்டியார்பட்டிப் பக்கத்துச் சின்னத் தறிக்காரர்களுக்காக நாங்கள் ஒரு நோடு வைத்திருந்தோம்.

அவர்களில் ஒருவர் பேச்சியம்மாள். பேச்சியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வீட்டுக்காரர் போன பிறகு தறிகளை விற்கச் சொன்ன சொந்தக்காரர்களை எல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டுத் தானே நடத்திக்கொண்டிருந்தவர். ஆனால் அவர் துணி எப்போதும் வேறொரு கம்பெனியின் பெயரை ஒட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறும். அந்த ஆடியில்தான் முதல் தடவையாக "பேச்சியம்மாள் பேண்டேஜ், செட்டியார்பட்டி" என்ற சொந்தப் பெயரிலேயே ஒரு லோடு தயாராகியிருந்தது. தேர் அன்று மதியம் பரிசோதனைக் கூடத்தின் சான்று வரும், எங்கள் நோடு கையெழுத்துப் போட்டு அதைப் பதியும், லேபிள் அச்சாகும், சாயங்காலம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். எங்கள் நோடு படுத்துவிட்டால் பெரிய கம்பெனி ஒன்றின் நோடு வழியாகப் பதியலாம். துணி போய்ச் சேரும். பெயர் அந்தக் கம்பெனியுடையதாக இருக்கும்.

முதல் நாள் பேச்சியக்கா போன் செய்தார். "கம்ப்யூட்டரம்மா, நாளைக்கு நான் தேருக்கு வாரேன். வடம் புடிச்சிட்டு அப்பிடியே உங்க மாடிக்கு வந்துருதேன். எம் பேரை அந்தப் பொட்டியில எனக்குக் காட்டணும், சரியா?"

சரி என்றேன். அந்தச் சரிக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

காரணம் இதுதான். அதே தேர் நாள் காலை பதினொன்றரைக்கு வலையமைப்பு முழுவதும் புதுப் பதிப்புக்கு மாறுகிறது. பழைய பதிப்பில் இருக்கும் நோடுகள் தானாகவே வெளியே விழுந்துவிடும். இந்த அறிவிப்பு வந்து வெகு நாளாகியிருந்தது. தயாராகக் கிடைக்கும் புரோகிராமை இறக்கி ஓட்டினால் போதும், இரண்டு நிமிட வேலை என்று நாங்கள் எல்லாருமே சாவகாசமாக இருந்தோம். கடைசியில் இறக்கி ஓட்டினால், "நான் ஓட மாட்டேன்" என்றது. அது எதிர்பார்த்த அடிப்படை லைப்ரரி, அதாவது எல்லாப் புரோகிராமும் சாய்ந்து நிற்கும் பொது நிரல் தொகுப்பு, எங்கள் இயந்திரத்தில் இருந்ததைவிடப் புதிது. இயந்திரத்தைப் புதுப்பிக்கலாமா என்றால், லேபிள் அச்சிடும் பழைய மென்பொருளும் அதில்தான் ஓடுகிறது. அது பழைய லைப்ரரியைத் தவிர யாரோடும் பேசாது. வேறு இயந்திரத்துக்கு நோடை மாற்றலாமா என்றால், டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி இந்த இயந்திரத்துக்குள்ளேயே பூட்டியிருக்கிறது. மாற்றுவதற்கு எல்லா உறுப்பினர்களும் ஒப்புக்கொள்ள வாரக்கணக்காகும்.

ஆக, ஒரே வழி. சோர்ஸ் கோடை எடுத்து நாமே கம்பைல் செய்வது, அதாவது மூல வரிகளிலிருந்து புரோகிராமை நம் இயந்திரத்திலேயே புதிதாக உண்டாக்குவது.

டிபென்டன்சி பிழை என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்கிறேன் கேளுங்கள். கல்யாணத்துக்கு ஒருவரை அழைக்கப் போகிறீர்கள். "எம் மச்சானைக் கூப்பிட்டாத்தான் நான் வருவேன்" என்கிறார். மச்சானிடம் போனால், "எங்க சம்பந்தியைக் கூப்பிட்டியா?" என்கிறார். சம்பந்தி வந்து உட்கார்ந்த பிறகு, ஏற்கெனவே பந்தியில் இருக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஆகாது என்று தெரியவருகிறது. அவ்வளவுதான். இதில் கோபப்பட எதுவுமில்லை. பொறுமையாக ஒவ்வொரு வீட்டு வாசலாக ஏறி இறங்க வேண்டும், பெரியப்பாவை மட்டும் எழுப்பிவிடக் கூடாது.

தேருக்கு முந்தின நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வாசல் ஏறி இறங்கியவள் கார்த்திகா. வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்பைலர் பழசு என்றது. பழையதைத் தொடாமல் புதியதைப் பக்கத்தில் தனியாக வைத்தாள். இன்னொரு கருவியைக் காணவில்லை என்றது, கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். மூன்று பக்கம் சிவப்பாக ஓடினாலும் கடைசி வரியைப் பார்த்து அலறாமல், மேலே போய் முதல் வரியைத் தேடினாள். மச்சான், சம்பந்தி எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. கடைசியில் தரவுத்தளப் பகுதியைக் கம்பைல் செய்யும்போது இயந்திரத்தின் மெமரி போதாமல் பொத்தென்று நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினோம். அதே இடத்தில் நின்றது. சமையலுக்கு எல்லாம் இருக்கிறது, அடுப்புதான் சின்னது.

"நம்ம ஆபீசோட ராஜபாளையத்து ரூம்ல புது மெஷின் சும்மாத்தான கெடக்கு? அங்க போயி கம்பைல் பண்ணி எடுத்துட்டு வந்துருவோமா?" என்றான் பாண்டி. நம் ஆட்களுக்கு இந்த யோசனைதான் முதலில் வரும். இங்கே இல்லாததற்கு ராஜபாளையம், அங்கே இல்லாததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வாழ்ந்து பழகியவர்கள் நாம். துணி எடுக்க, சினிமா பார்க்க, ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். புரோகிராமுக்கும் அப்படியே என்று நான் உட்பட மூன்று பேருமே தலையாட்டினோம்.

மறுநாள் கரண்ட் போய்விடும் என்பதால் இயந்திரத்தை முழுதாகப் பேக்கப் எடுக்கச் சொன்னேன். பாண்டி முகத்தைச் சுளித்தான். "இன்னைக்கு வேண்டாமேக்கா" என்றான். எடுத்துத் தந்தான். அந்த ஹார்ட் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு கார்த்திகாவோடு ராஜபாளையம் போனேன். புது இயந்திரத்தில் கம்பைல் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு முடிந்தது. டிஸ்கை அந்த ரூமிலேயே வைத்துவிட்டு, கார்த்திகா பக்கத்தில் தோழி வீட்டில் தங்கிக்கொண்டாள். விடிந்ததும் பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். தேர் கிளம்பியிருக்கவில்லை. வீதி முழுக்கக் கோலம். நீர்மோர்ப் பந்தலில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே குஷி.

பாண்டி சின்ன ஜெனரேட்டரை ஓடவிட்டு, தன் போனில் இருந்து இன்டர்நெட் கொடுத்து, எல்லாம் தயாராக வைத்திருந்தான். புரோகிராமை ஓட்டினான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அக்கா, முந்தாநாள் பாட்டையேதான் இன்னைக்கும் பாடுது."

அதே பிழை. அடிப்படை லைப்ரரி போதாது, நான் ஓட மாட்டேன்.

அப்போது என் தலைக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். பேச்சியக்காவின் முகம் ஓடியது. "சரி" என்று நான் சொன்ன வார்த்தை ஓடியது. கீழே கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. இதோ, ஒரே ஒரு லைப்ரரி, அதை மட்டும் புதிதாக மாற்றிவிட்டால் புரோகிராம் ஓடிவிடும், லேபிள் மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பாண்டியை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். காலையிலேயே ராஜபாளையத்து ரூமுக்குத் திரும்பியிருந்த கார்த்திகா போன் ஸ்பீக்கரில் இருந்தாள். நான் கட்டளையைத் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"அக்கா, என்ன தட்டுறீங்க?"

"ஒண்ணுமில்லட்டி. ஒரே ஒரு லைப்ரரியை மட்டும்..."

"ஆகு!"

போனில் அப்படி ஒரு அதட்டல். எனக்குச் சுருக்கென்றது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்தே இருக்காத பெண் என்னைப் பார்த்து ஆகு என்கிறாள். பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

"கைய எடுத்துட்டீங்களாக்கா?"

"எடுத்துட்டேன்."

"எரர் என்னன்னு தமிழ்ல சொல்லுங்க."

"ஏட்டி, எனக்கேவா?"

"சொல்லுங்கக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "நான் பொறந்த எடத்துல எல்லாம் புதுசா இருந்துச்சு. இங்க எல்லாம் பழசா இருக்கு. எனக்கு ஒத்துக்கல. அதாம்ட்டி சொல்லுது."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அந்த அடிப்படை லைப்ரரி மேல்தான் அந்த இயந்திரத்தில் இருக்கும் அத்தனையும் நிற்கிறது. அதை ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவி மாற்றியிருந்தால் லேபிள் மட்டுமில்லை, இயந்திரமே எழுந்திருக்காது. கோளாறு லைப்ரரியில் இல்லை. நாங்கள் புரோகிராமைப் பெற்றெடுத்த இடத்தில் இருந்தது. புது இயந்திரத்தில் கம்பைல் செய்தால் அது புது இயந்திரத்தின் லைப்ரரியைத்தான் அம்மா என்று நினைக்கும்.

கார்த்திகா யோசித்துக்கொண்டே பேசினாள். "அப்போ அது பழைய எடத்துலதான் பொறக்கணும். பழைய எடத்துல மெமரி கெடையாது." உடனே கத்தினாள். "அக்கா! அந்த மெஷினோட பேக்கப் இங்க எங்கிட்டதான இருக்கு? அதை அப்பிடியே இங்க பிரிச்சு வச்சு, அதுக்குள்ள போயி உக்காந்து கம்பைல் பண்ணா? எடம் அது, மெமரி இது!"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பழைய இயந்திரத்தின் முழு உருவமும் அந்த டிஸ்கில் இருந்தது. முந்தின நாள் அவள் வாசல் ஏறி இறங்கி அழைத்து வந்த மச்சான், சம்பந்தி எல்லாரும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பேக்கப் எடுக்க முகத்தைச் சுளித்த பாண்டி, "பாத்தீங்களா, நான் எடுத்த பேக்கப்பு" என்றான். அவனை என்ன செய்வது?

கம்பைல் முடிந்தது. அனுப்பு என்றேன். வரவில்லை. ஊரே தேரைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது; சின்னச் சின்னச் செய்தி போகிறது, பெரிய கோப்பு கொஞ்சம் வந்து நின்றுவிடுகிறது. மூன்று தரம் பார்த்துவிட்டு, "கொண்டு வாட்டி, ஓடியா" என்றேன். பென் டிரைவ் தொலைந்துவிடாமல் இருக்கத் தோழி வீட்டில் ஒரு காலிக் குங்குமச் சிமிழை வாங்கி அதற்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் ஊருக்கு வெளியேயே நிறுத்திவிட்டது. நடந்தும் ஓடியும் எங்கள் வீதிக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தேர் எங்கள் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. வடம் வீதி நெடுக நீண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் பிடித்தபடி ஜனம். நாங்கள் இந்தப் பக்கம். கார்த்திகா எதிர்ப்பக்கம்.

"அக்கா, நம்ம மாடி தெரியுது. குறுக்க வடம் இருக்கு" என்று போனில் கத்தினாள்.

வடத்தைத் தாண்டுவது என்ற பேச்சே நம் ஊரில் கிடையாது. தாண்டு என்று சொல்ல எனக்கும் வாய் வராது, சொன்னாலும் அவள் கேட்க மாட்டாள். சுற்றி வரலாம் என்றால் அந்தக் கூட்டத்தில் பதினொன்றரை தாண்டிவிடும். தேர் எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்?

மாடியிலிருந்து பார்த்தேன். வடத்தைப் பிடித்திருந்த பெண்கள் வரிசையில், பச்சைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி பேச்சியக்கா நின்றார். நேராக எங்கள் வாசலுக்கு எதிரே. "பென் டிரைவைக் கை மாத்திக் குடுத்துவிடுட்டி" என்று கார்த்திகாவிடம் போனில் சொல்லிவிட்டு, அக்காவைப் பெயர் சொல்லிக் கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஏலே பாண்டி, கீழ ஓடு! பேச்சியக்கா கையில வாங்கு!" என்றேன். அவன் படியிறங்கினான்.

கார்த்திகாவுக்குப் பேச்சியக்காவைத் தெரியாது. கோப்பில் பெயரைப் பார்த்ததோடு சரி. பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சிமிழைக் கொடுத்து, "அந்தப் பக்கம் குடுத்துருங்க" என்றாள். அவர் கோயில் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே. வடத்துக்கு மேலாக ஒரு கை நீட்ட, இன்னொரு கை வாங்கியது. மாடியில் நான் கைப்பிடிச் சுவரில் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் குங்குமம் எடுக்க மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே கறுப்பாக என்னவோ இருக்கவும் விழித்தார். பக்கத்தில் நின்ற பேச்சியக்கா அதை வாங்கி மூடினார். "யாரோ நேந்துகிட்டு வச்சிருக்காக, தெறக்காதத்தா" என்று சொல்லித் தானும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் இந்தப் பக்கம் பாண்டி, "பேச்சியக்கா! இங்க! இங்க!" என்று குதித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் சிமிழ் வந்தது. குதித்தது அவன்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மேலே ஓடிவந்து செருகினான். உடனே ஓட்டப் போனான். நான் "ஆகு" என்றேன்.

"என்னக்கா இப்பப் போயி?"

"ஊர்க் கையெல்லாம் பட்டு வந்திருக்கு. செக்சம் பாரு." கோப்பு வழியில் மாறாமல் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நீளமான எண் அது. கார்த்திகா ஏற்கெனவே போனில் அனுப்பியிருந்தாள்.

"சாமி பிரசாதம்னு எல்லாரும் கண்ணுல ஒத்திருக்காக, அதுக்குமா சோதனை?"

"பிரசாதத்துக்கும் செக்சம் உண்டுலே. பாரு."

பார்த்தான். சரியாக இருந்தது. பழைய நோடை நிறுத்தி, புதியதை ஓட்டினான். இந்த முறை அது பாடவில்லை. பதிப்பு எண்ணைச் சொல்லிவிட்டு, மற்ற நோடுகளைத் தேடிப் போய் ஒவ்வொன்றாகக் கைகுலுக்கியது. பதினொன்றரை வந்தது. போனது. நாங்கள் உள்ளே இருந்தோம். அதே நேரம் கீழே தேர் நகர்ந்து ஊரே ஓவென்று கத்தியது. எங்களுக்காக இல்லை என்று தெரியும். இருந்தாலும் நானும் பாண்டியும் மாடியில் நின்று கையை உயர்த்திக் கத்தினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று பாண்டியிடம் சொன்னேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்பு எழுத்து நம்மைத் திட்டுவதில்லை. அது தன் கஷ்டத்தைச் சொல்கிறது, நாம்தான் கேட்பதில்லை. அவசரத்தில் என் கையும் கேட்காமல்தான் போனது. அனுபவம் இருந்தால் கை நிற்கும் என்று நினைக்காதீர்கள். அனுபவம் உள்ள கை இன்னும் வேகமாகப் போகும். அதனால் உங்கள் பக்கத்தில் உங்களைப் பார்த்து "ஆகு" என்று சொல்லக்கூடிய ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களைவிடச் சின்னவர் என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு அரை மணி நேரம் தூக்கிவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

தேர் தாண்டிப் போனதும் கார்த்திகா மேலே வந்து ஒரு சொம்பு நீர்மோரைக் குடித்துத் தீர்த்தாள். மதியம் சான்று வந்தது. நோடு கையெழுத்துப் போட்டது. லேபிள் அச்சாகி ஓடியது. பேச்சியக்கா படியேறி வந்தார், வடம் பிடித்த உள்ளங்கை இரண்டும் சிவந்து. திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார்.

"எம் பேரு இம்புட்டுச் சின்னதாவா இருக்கும்? செத்தப் பெருசாக்கிக் காட்டும்மா."

பாண்டி பெரிதாக்கினான். இன்னும் என்றார். இன்னும் பெரிதாக்கினான். கடைசியில் திரையில் வேறு எதுவும் தெரியாமல் "பேச்சியம்மாள்" மட்டும் நின்றது. அக்கா திரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று பேச்சை மாற்றுகிறவர் மாதிரி, மேசை மேல் கிடந்த சிமிழைக் கையில் எடுத்தார்.

"ஏட்டி, இது காலையில எங்கையில வந்ததுல்லா? உள்ள என்னதாம்ட்டி வச்சிருந்தீக?"

"உங்க பேருதான்க்கா" என்றாள் கார்த்திகா.

பேச்சியக்கா அவள் தோளில் ஓங்கி ஒன்று போட்டார்.

"அப்பமே சொல்லக் கூடாதா? இன்னொருக்கா கண்ணுல ஒத்திருப்பேம்லா!"